பை போட்டவர்களின் குழு

குடலில் கட்டி என்று தெரிந்து, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து நான் திண்டிவனத்துக்குத் திரும்பியபோது, என் வயிற்றின் இடப்பக்கத்தில் சிவப்பாகச் சின்னதாய் ஒரு திறப்பு இருந்தது. மலம் இனி அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் எப்போதும் ஒரு பை ஒட்டியிருக்கும். நிரம்பினால் காலி செய்ய வேண்டும், சில நாளுக்கொரு தடவை புதுப் பை ஒட்ட வேண்டும். "இது நிரந்தரம்மா" என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கட்டி போனால் போதும் என்று இருந்ததால் அப்போது தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குப் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. மெத்தையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்ட வேண்டும். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த வேலைக்கு இனி எப்படிப் போவது? பையில் காற்று சேர்ந்தால் உப்பிக்கொள்ளும். சத்தம் வரும். அடக்க முடியாது, ஏனென்றால் அந்தத் திறப்புக்கு அடக்கிக்கொள்ளும் தசை கிடையாது. மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன். எல்லாரும் முழந்தாளிட்டு, கோயிலே அமைதியாக இருக்கும் அந்த நேரத்தில் என் வயிறு பேசிவிடும் என்று பயம்.

என் கணவர் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். பையை மாற்றும்போது கூடவே உட்கார்ந்து துடைத்துக் கொடுப்பார். முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்வார். நான் அதைக் கவனித்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அவரிடம் எதையும் கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் என் போனை வாங்கி ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டார். "உங்கள மாதிரி பை போட்டவங்க எல்லாம் இதுல இருக்காங்க. கேள்வி இருந்தா கேளுங்க" என்றார்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. ரத்தம் வந்தாலோ, வலி இருந்தாலோ குழுவில் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அவர் போட்ட விதி. மற்றபடி எதையும் பேசலாம். யாரும் பெயர் சொல்வதில்லை, ஊர்ப்பெயர்தான். வெளியில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட ஏற்பாடு. நாளடைவில் அதுவே உறவுமுறை ஆகிவிட்டது. நான் சேர்ந்த அன்றே திண்டிவனம் அக்கா ஆனேன்.

சில வாரங்கள் நான் எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். தோல் புண்ணாகிவிட்டது, கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்ன சாப்பிடலாம், மருமகள் தனித் தட்டு வைக்கிறாள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆறுதலைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. இத்தனை பேர் சட்டைக்குள்ளும் புடவைக்குள்ளும் இதை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறார்களா? பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இப்படி இருந்திருப்பார்கள்?

கடைசியில் ஒரு நாள் கேட்டேன். "இந்த வெயிலில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வர முடியுமா? யாராவது போகிறீர்களா?"

ஐந்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

"வணக்கம்மா. நானு விக்கிரவாண்டி. லாரி ஓட்டறேன். தாராளமா போலாம்மா. கெளம்பறதுக்கு முன்ன காலி பண்ணிடுங்க. ஒரு பழைய டிபன் பாக்ஸ்ல மாத்துப் பை, பஞ்சு, தண்ணி பாட்டிலு, ஒரு கவரு, எல்லாத்தையும் வச்சிக்கினு போங்க. அது கூட இருந்தாலே பாதி பயம் பூடும். ஆனா வெயில் படற எடத்துல வைக்காதீங்க, பசை இளகிப்பூடும். நமக்கெல்லாம் மொத வாரம்தாம்மா பேஜாரு. அப்புறம் அது பாட்டுக்கு அது, நாம பாட்டுக்கு நாம."

அதை மூன்று நான்கு தடவை கேட்டேன். அடுத்த வாரம் ஒரு டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பை லேசாக உப்பியது. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் குழுவில் "போய்ட்டு வந்துட்டேன்" என்று மட்டும் போட்டேன். முன்பின் பார்க்காதவர்கள் கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். விக்கிரவாண்டி அண்ணன் மறுபடி குரல் பதிவு போட்டார். "நம்ம ஊரத் தாண்டித்தான போயிருப்பீங்க, டோல்கேட்டாண்ட ஒரு கையக் காட்டியிருந்தா டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்."

நான் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது ஒரு பாவாடையால்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தார். பாவாடை நாடா சரியாகத் திறப்பின் மேலேயே அழுத்துகிறது, நைட்டியைத் தவிர வேறு எதையும் போட முடியவில்லை, தங்கை கல்யாணம் வருகிறது, புடவை கட்டாமல் எப்படிப் போவது என்று. குழுவில் ஆண்கள்தான் அதிகம். யாருக்கும் பதில் தெரியவில்லை. விக்கிரவாண்டி அண்ணன்கூட, "இதுக்கு லேடீஸ் யாராச்சும் சொல்லுங்கம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

எனக்குத் தெரியும். எனக்கும் அதே தொல்லை இருந்து, கடைக்குப் பக்கத்துத் தையல்காரம்மாவிடம் சொல்லி நாடா இல்லாத பாவாடை ஒன்று தைத்திருந்தேன். இடுப்பில் நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலத்துக்கு மெத்தென்ற எலாஸ்டிக் பட்டி. திறப்புக்கு மேலே ஏற்றி உடுத்தினால் எங்கேயும் அழுத்தாது. கொசுவத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிச் செருகி, முந்தானையை இடப்பக்கம் தளர்வாக விட்டால் பை உப்பினாலும் வெளியில் தெரியாது. மறுநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், புடவை கட்டி வைக்கும் பொம்மைக்கு அந்தப் பாவாடையைப் போட்டு, புடவையைக் கட்டி, ஒவ்வொரு கட்டமாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

கல்யாணம் முடிந்து அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினார். முகத்தை வெட்டிவிட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும். மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை. "யாருக்கும் தெரியலக்கா" என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அது இரக்கம் இல்லை. அந்தப் பெண்ணுக்காகப் பாவப்பட்டு நான் பதில் எழுதவில்லை. எனக்கு ஒன்று தெரிந்திருந்தது, அதனால் எழுதினேன். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் பல மாதங்களாக மற்றவர்கள் எனக்குச் செய்துகொண்டிருந்தார்கள். நான் படுத்திருந்தேன், திரும்பினேன், கையை நீட்டினேன். என் உடம்புக்கு நேர்ந்த இந்த வேண்டாத காரியத்தை வைத்து இன்னொருத்தியால் ஒரு புடவை கட்ட முடிந்தது என்று தெரிந்ததும், முதல் தடவையாக அந்தத் திறப்பைக் கண்ணாடியில் நேராகப் பார்த்தேன்.

அதன்பிறகு போன் கையோடேயே இருந்தது. பெண்கள் கேட்பதற்கு நான், வேலைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் விக்கிரவாண்டி அண்ணன் என்று எழுதாத ஏற்பாடு ஒன்று வந்துவிட்டது. "அந்த போன்ல இன்னாதான் இருக்குது உனுக்கு?" என்று என் கணவர் கேட்பார். குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

குழுவில் பொம்மையார்பாளையத்துக்காரர் ஒருவர் இருந்தார். மீன்பிடிக் குடும்பம். எனக்கு இருப்பதைப் போலவே நிரந்தரப் பை. இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்று வீட்டிலேயே முடங்கிக் கிடந்தவரை, தினமும் போன் போட்டுப் பேசிப் பேசி வெளியே கொண்டுவந்தவர் விக்கிரவாண்டி அண்ணன். படகில் ஏறாவிட்டாலும் கரையில் ஏலம் கூறுகிற வேலைக்கு அவர் வந்துவிட்டார். ஐஸ் லோடு எடுத்துக்கொண்டு அண்ணன் அந்தப் பக்கம் போன ஒரு நாளில், வீட்டுக்கு வரச்சொல்லி இவர் மீன்குழம்பு வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் உடம்பு கழுவியிருக்கிறார். அவர் வயிற்றில் பை இல்லை. ஆறிப்போன நீளமான தழும்பு ஒன்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலமே குழுவில் அது வந்தது. "விக்கிரவாண்டி அண்ணனுக்குப் பை கிடையாது. நான் என் கண்ணால் பார்த்தேன். உங்களுக்கும் இருக்குதான்னு ஆரம்பத்திலேயே கேட்டேன். ஆமான்னு சொன்னார். எங்களை எதுக்கு ஏமாத்தினார்?"

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத ஆரம்பித்தார்கள். பை விற்கிற கம்பெனியின் ஆளாக இருக்கும் என்றார் ஒருவர். எங்கள் படங்களையெல்லாம் வைத்திருக்கிறாரே என்று ஒரு பெண் பயந்தார். நர்ஸ் அம்மா பொறுமையாக இருங்கள் என்று எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. குரல் பதிவு இல்லை, எழுத்து. "அவர் சொல்றது உண்மைதான். எல்லாரும் மன்னிச்சிக்கோங்க." அடுத்த நொடி குழுவிலிருந்து விலகிவிட்டார்.

எனக்கும் கோபம்தான். அவர் பழைய குரல் பதிவுகளையெல்லாம் வரிசையாகக் கேட்டேன். "நமக்கு", "நம்மள மாதிரி ஆளுங்க", "நம்ம பை" என்றுதான் எல்லாவற்றிலும் இருந்தது. "எனக்கு" என்று ஒன்றில்கூட இல்லை. வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார் என்று தெரிந்தபோது கோபம் இன்னும் கூடியது.

ஆனால் அந்த வாரம் குழு எப்படி இருந்தது என்பதையும் பார்த்தேன். புதிதாக வருகிறவர்கள் கேள்வி போட்டால் அது அப்படியே கிடந்தது. எல்லாரும் படிக்கிறார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர், "இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தார். பதில் சொல்கிறவன் எதற்காகச் சொல்கிறான் என்ற சந்தேகம் வந்துவிட்டால், பதில் சொல்லவே கூச்சமாகிவிடுகிறது. நானே ஒரு பதிலை அடித்துவிட்டு, இவள் எதற்கு இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்று அழித்தேன்.

என் வார விடுமுறையன்று கணவரைக் கூட்டிக்கொண்டு விக்கிரவாண்டியில் இறங்கினேன். நர்ஸ் அம்மாவிடம் விலாசம் கேட்டு, அண்ணனுக்கு முன்கூட்டியே போன் செய்திருந்தேன். வர வேண்டாம் என்றார். "கேட்க ஒரு கேள்வி இருக்குதுண்ணா, கேட்டுட்டுப் போயிடறேன்" என்றேன்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் ஓட்டு வீடு. வாசலில் அவர் மனைவி மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் ஐம்பதைத் தொட்டவர், குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியானவர். என்னைப் பார்த்து எழுந்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏண்ணா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சட்டைக்கு மேலாக வயிற்றைத் தொட்டுக்காட்டினார். "ஆக்சிடென்டும்மா. ஸ்டியரிங் வயித்துல ஏறிச்சி. குடல் கிழிஞ்சி பை வச்சாங்க. அப்புறம் உள்ள ஆறினதும் மறுபடி தொறந்து இணைச்சி மூடிட்டாங்க. பை வச்சிருந்தப்போ குழுவுல ஒருத்தர் எனக்கு தெனம் பேசுவாரு. மொகம் பார்த்ததில்ல. அவரு பேசலன்னா நானு இன்னிக்கி இல்லம்மா. எனக்கு மூடினாங்கல்ல, அந்த மாசமே அவரு செத்துட்டாரு. அவருக்குக் கேன்சரு. கடைசி வரிக்கும் அவரு வலிய எங்கிட்ட சொல்லல."

அவர் மனைவி உரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானு வெளிய வந்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஒருத்தரு போட்டாரு, பஸ்ஸ்டாண்ட்ல பை கழண்டுடுச்சி, இன்னா பண்றதுன்னு. யாருமே பதில் சொல்லல. நானு சொன்னேன். சொல்லிட்டு, எனக்கு இப்ப பை இல்லன்னும் சொல்லியிருக்கணும். சொல்லல. பை இல்லாதவன் சொன்னா யாரும்மா கேப்பாங்க? நல்லா இருக்கறவன் சொல்ற ஆறுதல நானே கேட்டதில்ல."

"அதுக்காகவா இத்தனை நாளா?"

"அது மட்டும் இல்லம்மா. லோடு எறக்கற எடத்துல என்னை விட சின்னப் பையனுங்க எல்லாம் டேய்னு கூப்புடுவானுங்க. இந்த வயசுலயும். குழுவுல அண்ணான்னு கூப்புடறாங்க. நானு சொல்றத உக்காந்து கேக்கறாங்க, நன்றின்னு சொல்றாங்க. அத வுட மனசு வரல."

"அதுல பேசிட்டு வந்தாத்தான் இந்தாளு வூட்டுல சிடுசிடுன்னு இல்லாம இருப்பாரு" என்றார் அவர் மனைவி. "இந்த ஒரு வாரமா சோறே எறங்கல."

எனக்கு என் பாவாடைப் படங்கள் ஞாபகம் வந்தன. அந்தப் பெண் அனுப்பிய மாம்பழ நிறப் புடவையை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். அவரைவிட நான் உயர்ந்த காரணத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "திரும்பி வாங்கண்ணா. ஆனா இதை அப்படியே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாங்க" என்றேன். அவர் மெயின் ரோடு வரை கூடவே வந்து எங்களை வழியனுப்பினார். பஸ் ஏறியதும் என் கணவர், "அந்த மனுஷன் பாவம்" என்றார். பிறகு, "நீ பேசற ஆளுங்க எல்லாம் இப்பிடித்தானா? எனக்கும் அதக் காட்டேன்" என்றார். அன்று திண்டிவனம் வரும்வரை குழுவின் பழைய பேச்சுகளைப் படித்துக்கொண்டே வந்தார்.

பொம்மையார்பாளையத்துக்காரருக்குப் போன் செய்து, அண்ணன் குழுவுக்குத் திரும்பி வரலாமா என்று கேட்டேன். அவர் கேட்டதுமே கத்தினார். கத்தி முடிந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"யக்கா, உனக்குப் புரியல. தெனம் காலைல கரைக்குப் போறப்போ எனக்கு ஒரே நெனப்புதான். அவரு இதை வச்சிக்கினே லாரி ஓட்டறாரு, நாம ஏலம் கூறக்கூடாதான்னு. அதப் புடிச்சிக்கினுதான் போவேன். இப்ப அது பொய்யின்னா, நானு இன்னாத்தப் புடிச்சிக்கினு போறது?"

"நேத்து கரைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"இன்னிக்கி?"

அவர் இப்போதும் கரையில்தான் இருந்தார். பின்னால் காற்றும் அலையும் கேட்டன. "வரட்டும். ஆனா அவரு வாயால சொல்லட்டும்" என்றார்.

நர்ஸ் அம்மா அண்ணனை மறுபடி சேர்த்தார். அண்ணன் ஒரு நீண்ட குரல் பதிவு போட்டார். விபத்து, பை, அதை மூடியது, தினமும் பேசி இறந்துபோனவர், டேய் என்று கூப்பிடுகிறவர்கள், எல்லாவற்றையும் சொன்னார். "பொம்மையார்பாளையம் தம்பி கேட்டப்போ ஆமான்னு சொன்னது தப்பு" என்று தனியாகச் சொன்னார். சிலர் அன்றே குழுவை விட்டுப் போனார்கள். பெரும்பாலானவர்கள் போகவில்லை.

பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இதுவரை வாயே திறக்காத ஒருவர் எழுதினார். "எனக்கும் தற்காலிகப் பைதான். மூடுவதற்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூடிய பிறகு எப்படி இருக்கும் அண்ணா? எனக்குப் பயமாக இருக்கிறது." அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் அதையே கேட்டார். அப்புறம் ஒரு பெண். எங்கள் நடுவில் அப்படி இத்தனை பேர் காத்திருந்தது அதுவரை தெரியாது. நிரந்தரமாகப் பை வைத்திருக்கும் எங்களிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சம். பதில் தெரிந்த ஒரே மனிதரோ, தன் பொய்யைக் காப்பாற்ற அத்தனை நாளும் வாய்மூடி இருந்திருக்கிறார். மூடிய பின் முதல் மாதங்களில் எத்தனை தடவை ஓட வேண்டியிருக்கும், எப்போது அடங்கும், எந்த அறிகுறி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அண்ணன் ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது "எனக்கு" என்றே சொன்னார்.

பொம்மையார்பாளையத்துக்காரர் அவரோடு இன்னும் நேரடியாகப் பேசுவதில்லை. அண்ணன் எழுதியதற்குக் கீழே கட்டைவிரல் படத்தைக்கூடப் போடமாட்டார். ஆனால் குழுவை விட்டும் போகவில்லை. உப்புக்காற்றில் பசை நிற்க என்ன செய்வது என்று கடலோரத்துக்காரர்கள் கேட்டால், அவர்தான் இப்போது பதில் சொல்கிறார். முதல் ஆளாகச் சொல்கிறார்.

போன வாரம் மதியம் கடையில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து போய், மெத்தை முழுக்கப் புடவைகள் கலைந்து கிடந்தன. போனில் ஒரு புதுப் பெண்ணின் கேள்வி இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்று முதல் தடவையாகத் தனியாகப் பஸ்ஸில் போகிறாராம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பதிலை அடிக்க ஆரம்பித்தேன். பாதி அடிப்பதற்குள் மூன்று பேர் சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் ஒருவர், அந்த மாம்பழ நிறப் புடவைக்காரப் பெண். நான் அடித்ததை அழித்துவிட்டு, போனை ஓரமாக வைத்துவிட்டுப் புடவைகளை மடிக்கத் தொடங்கினேன்.